பறித்து வைத்தால் பாதுகாப்பு வருமா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எந்நேரமும் போனும் கையும்தான்." பெற்றோர் கூட்டத்தில், கல்யாண வீட்டில், பஸ் தரிப்பிடத்தில் என்று எங்காவது இந்த வசனம் காதில் விழாமல் ஒரு வாரம் கழிவதில்லை. சொல்பவர்கள் பெரும்பாலும் எங்கள்மீது அன்புள்ளவர்கள்தான். அவர்களுடைய பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால், "அந்தத் திரைக்குள் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று எங்களிடமே கேட்பவர்கள் மிகக் குறைவு. யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு, உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியாக நானே பதில் எழுதுகிறேன்.

கைத்தொலைபேசிக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. பெற்றோரைக் குறை சொல்வதும் அல்ல. பிள்ளையின் கையிலிருந்து கைத்தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டால் அவள் பாதுகாப்பாகிவிட்டாள் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பிழையானது. சில வேளைகளில் ஆபத்தானதும்கூட. இதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்தக் கருவி எங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் நாட்டிலுள்ள பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டபோது நான் எட்டாம் தரத்தில் இருந்தேன். அதுவரை வாப்பாவின் கைத்தொலைபேசியைத் தொட்டாலே ஏச்சு விழும். சில வாரங்களில் நிலைமை தலைகீழானது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வட்ஸ்அப் குழு. ஆசிரியைகள் குரல் பதிவில் பாடம் நடத்தினார்கள். நாங்கள் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினோம். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரேயொரு கைத்தொலைபேசியை முறை வைத்துப் பாவித்தார்கள். மலைநாட்டில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் குன்றுகளில் ஏறியமர்ந்து படித்த செய்திகள் அப்போது வெளிவந்தன. பின்னர் 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. மறுபடியும் வீட்டில் இருந்தே படிப்பு. நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்த உம்மாமார் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

பாடசாலை திறந்தது. வட்ஸ்அப் குழுக்கள் மூடப்படவில்லை. டியூஷன் வகுப்பின் நேரமாற்றம், கடந்தகால வினாத்தாள், மழைக்கு வராத பிள்ளைக்கு அன்றைய நோட்ஸ் என்று எல்லாமே இன்றும் அதில்தான் வருகின்றன. இரவு பத்து மணிக்கு ஒருத்தி கணக்கியல் கேள்வியொன்றைப் படம் எடுத்துப் போடுவாள். பத்தே நிமிடத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் செய்து அனுப்புவார்கள். அதில் எது சரியென்று சண்டை பிடித்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் அந்தக் கணக்கு விளங்கிவிடும். வெளியிலிருந்து பார்க்கும் உம்மாவுக்கு, "இரவு பத்து மணிக்கும் போனில்தான் இருக்கிறாள்" என்று மட்டுமே தெரியும்.

படிப்பை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் அது நேர்மையல்ல. நாங்கள் அதில் அதிகமாகச் செய்வது பேச்சுத்தான். பகிடி விடுகிறோம், குறைப்படுகிறோம், சமைத்ததைக் காட்டுகிறோம், பரீட்சைப் பயத்தைச் சொல்லி அழுகிறோம். இது வீண்பேச்சு இல்லையா என்று கேட்கலாம். என்னுடைய நானா அஸருக்குப் பிறகு மைதானத்துக்குப் போகிறார். மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் படிக்கட்டில் கூட்டாளிமாரோடு இருக்கிறார். இஷா முடிந்து சந்தித் தேநீர்க் கடையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறார். அங்கே அவர்கள் பேசுவதும் இதே பேச்சுத்தான். அதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. எங்களுக்கு மைதானம் இல்லை, சந்தி இல்லை. பாடசாலை விட்டால் வான். வான் விட்டால் வீடு. எங்கள் பாதுகாப்புக்காகத்தான் இந்த ஒழுங்கு என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் வெளிக்கதவை மூடிய பிறகு பிள்ளை யன்னலண்டை போவதைப் பார்த்து ஆச்சரியப்படக் கூடாது.

டானா போய்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம் நாட்டு இளையோரைப் பல வருடங்களாகச் சந்தித்துப் பேசி, 2014இல் 'இட்ஸ் கொம்ப்ளிகேட்டட்' என்ற நூலை வெளியிட்டார். அவருடைய முடிவு கவனிக்கத்தக்கது. பிள்ளைகளின் நாட்டம் கருவியின் மீதல்ல, அதற்குள் இருக்கும் தங்கள் நண்பர்களின் மீதுதான் என்கிறார். வெளியே தடையின்றிக் கூடியிருக்க இடங்கள் குறையக் குறையத்தான் பிள்ளைகள் இணையத்தில் கூடுகிறார்கள் என்பது அவருடைய விளக்கம். அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்பட்டது நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு பொருந்துகிறது.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் எங்கள் வகுப்பு சிதறிப்போனது. விஞ்ஞானப் பிரிவுக்காக இருவர் வேறு நகரத்துப் பாடசாலைக்குப் போனார்கள். ஒருத்தி குடும்பத்தோடு கட்டாருக்குப் போனாள். ஒருத்தி மதரஸாவில் சேர்ந்தாள். ஒருத்திக்குக் கல்யாணம் முடிந்து இப்போது கையில் குழந்தை. பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்தவர்கள் இன்று ஒருவரையொருவர் பார்ப்பது பெருநாளைக்கு மட்டும்தான். சிலரை அதுவும் இல்லை. அந்தக் குழு இல்லாவிட்டால் கட்டாரில் இருப்பவள் புதிய பாடசாலையில் தனியே இருந்து அழுததும், குழந்தை பெற்றவளுக்கு இரத்தம் தேவைப்பட்டதும் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தொடர்பு அறுந்துபோவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் என் உம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். உம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு வயது 13. யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சுமார் 75,000 பேர் ஊரிழந்த அந்த நாட்களில், ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிப் பிரியவும் நேரமிருக்கவில்லை. புத்தளம், நீர்கொழும்பு, பாணந்துறை, கொழும்பு என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். யார் எந்த முகாமில், யார் உயிரோடு, யார் வெளிநாட்டில் என்று எதுவும் தெரியாது. முகவரியே இல்லாதவர்களுக்குக் கடிதம் எழுத முடியாது.

இருபத்தைந்து வருடங்களுக்கும் பிறகு, அந்தத் தோழிகளில் ஒருவர் தன் மகளின் பேஸ்புக் கணக்கிலிருந்து பழைய பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினார். மகளின் கணக்கு என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கிடைத்தார், அவர் மூலம் இன்னொருவர். இன்று உம்மாவின் வட்ஸ்அப் குழுவில் 17 பேர் இருக்கிறார்கள். சுபஹுக்குப் பிறகு ஸலாம் வரும். பிறகு பேரப்பிள்ளையின் படம் வரும். முழங்கால் வலிக்கு மருந்து வரும். சோனகத் தெருவில் வாழ்ந்த காலத்துப் பகிடி வரும். கடந்த வருடம் அவர்களில் ஒருவர் மௌத்தானபோது ஜனாஸாவுக்கு முன்பே செய்தி வந்தது. உம்மாவும் இன்னும் நான்கு பேரும் வான் பிடித்துப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றிரவு உம்மா அந்தக் குழுவில் எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "எந்நேரமும் போன்" என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அந்தக் குழு உம்மாவுக்கு என்னவோ, எங்கள் குழு எங்களுக்கும் அதுதான்.

அதற்காக எங்கள் பக்கம் எல்லாம் நலம் என்று நான் சொல்லமாட்டேன். பிரிந்தவர்களைச் சேர்க்கும் அதே கருவி, பக்கத்தில் இருப்பவர்களைப் பிரிக்கவும் செய்கிறது. 2014ஆம் ஆண்டின் கடைசியில் வட்ஸ்அப்பில் நீல நிறச் சரி அடையாளம் வந்தது. அனுப்பிய செய்தி வாசிக்கப்பட்டுவிட்டது என்பதை அது காட்டும். இந்தச் சின்ன அடையாளம் உடைத்த நட்புகள் எத்தனை! "பார்த்துவிட்டாள், பதில் போடவில்லை." அவள் வீட்டில் விருந்தாளி வந்திருக்கலாம், தம்பிக்குக் காய்ச்சலாக இருக்கலாம். கடிதக் காலத்தில் பதிலுக்கு இரண்டு வாரம் பொறுத்தவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் பொறுமை இல்லை. ஸ்னப்செட்டில் 'ஸ்ட்ரீக்' என்று ஒன்று உண்டு. இருவரும் 24 மணித்தியாலத்துக்குள் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்பினால் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடும். ஒரு நாள் தவறினால் அறுந்துவிடும். சொல்வதற்கு ஒன்றுமில்லாத நாளிலும் சுவரையாவது படமெடுத்து அனுப்புகிறார்கள். நட்பு அங்கே ஒரு கணக்குப் புத்தகமாகிவிடுகிறது. இந்த எண்களும் அடையாளங்களும் நம்மை மறுபடியும் மறுபடியும் திரைக்கு இழுப்பதற்காகவே வைக்கப்பட்டவை என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புக் குழு இருக்கும். ஒருத்தியோடு மனக்கசப்பு வந்தால் அவளை நீக்கமாட்டார்கள். அவளை விட்டுவிட்டுப் பதினொரு பேர் வேறொரு குழு தொடங்குவார்கள். பழைய குழு நாளுக்கு நாள் அமைதியாகும். அவள் மட்டும் அதில் "என்ன ஒருத்தரும் கதைக்கிறீங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் வகுப்பில் தனக்கு விளங்காத பகிடிக்கு எல்லோரும் சிரிக்கும்போதுதான் அவளுக்கு விஷயம் புரியும். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாததைப் பதினொரு பேர் சேர்ந்து செய்வது இது. முன்பு புறம் பேசினால் அது காற்றோடு போகும். இன்று அது எழுத்தில் இருக்கிறது, ஸ்கிரீன்ஷொட்டாகப் பயணம் போகிறது. வீட்டில் தனியாகக் கைத்தொலைபேசி இல்லாத பிள்ளையின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அவளை நாங்கள் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. ஆனால் முக்கியமான எதையும் குழுவில் போட்டுவிட்டு அவளிடம் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இவை எங்களுக்குள் நாங்களே திருத்திக்கொள்ள வேண்டியவை. பெற்றோரை இரவில் நித்திரையில்லாமல் செய்யும் ஆபத்து வேறு. முன்பின் தெரியாதவனின் செய்தி, போலிக் கணக்கு, பெயர் கெடுதல், படத்தை வைத்து மிரட்டல். இவை கற்பனையல்ல. இப்போது சாதாரணமான ஒரு முகப்படத்தையே கணினியின் மூலம் ஆபாசப் படமாக மாற்றவும் முடிகிறது. ஒரு குமர்ப்பிள்ளையின் பெயரில் ஒரு சொல் விழுந்தால் நம் சமூகம் அதை எத்தனை வருடம் சுமக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே பெற்றோரின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. அந்தப் பயத்துக்குப் பறித்து வைப்பதே மருந்து என்று எண்ணுவதைத்தான் மறுக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். தெரியாத இலக்கமொன்றிலிருந்து அவளுக்கு "ஹாய்" என்று வந்தது. அவள் பதில் போடவில்லை. இரண்டு நாளில் அதே இலக்கத்திலிருந்து அசிங்கமான செய்தியொன்று வந்தது. அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள்: நேரே உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அன்றிரவே அவளுடைய கைத்தொலைபேசி பறிக்கப்பட்டது, சிம் உடைக்கப்பட்டது, டியூஷன் நிறுத்தப்பட்டது. "எத்தனையோ பிள்ளைகள் இருக்க உனக்கு மட்டும் ஏன் வந்தது?" என்று மாமிமார் கேட்டார்கள். அனுப்பியவனை யாரும் தேடவில்லை. அவன் அடுத்த இலக்கத்துக்கு அனுப்பப் போய்விட்டான்.

இந்தச் சம்பவத்திலிருந்து எங்கள் வகுப்பு முழுவதும் ஒரு பாடம் படித்தது. "சொன்னால் போன் போகும்." பிறகு இன்னும் இரண்டு பேருக்கு அவ்வாறான செய்திகள் வந்தன. இரண்டு பேரும் வீட்டில் வாய் திறக்கவில்லை. குற்றம் செய்யாமல் நேர்மையாகச் சொன்னவளுக்குக் கிடைத்த தண்டனை, மற்ற எல்லோருடைய வாயையும் பூட்டிவிட்டது.

மிரட்டுபவனுடைய பலம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவன் தூரத்தில் எங்கோ இருப்பவன். பிள்ளையின் வீட்டுக்கு வர மாட்டான். அவன் கையில் இருப்பது ஒரேயொரு வசனம்: "உன் வாப்பாவுக்கு அனுப்புவேன்." வாப்பாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்ட பிள்ளையிடம் இந்த வசனம் செல்லாது. வாப்பாவைக் கண்டு நடுங்கும் பிள்ளையிடம் இதைக் காட்டி அவன் காசும் கேட்பான், இன்னொரு படமும் கேட்பான். ஆக, வீட்டின் மீதுள்ள பயம்தான் அவனுடைய மூலதனம். பறிப்பு, ஏச்சு, சந்தேகம் என்று நாம் வீட்டில் கூட்டிவைக்கும் ஒவ்வொரு பயமும் அவன் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. கைத்தொலைபேசியே இல்லாத பிள்ளைக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. கல்யாண வீட்டில் யாரோ எடுத்த படம் யாருடையவோ ஸ்டேட்டஸில் போனால் போதும். கருவியைப் பூட்டலாம், ஆபத்தைப் பூட்ட முடியாது. பிள்ளை வந்து சொல்லக்கூடிய வீடுதான் பாதுகாப்பு.

வெளிநாடுகளில் அரசாங்கங்களே தடை செய்கின்றனவே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேற்றப்பட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு விடயங்கள் கவனிக்க வேண்டியவை. தண்டப் பணம் நிறுவனங்களுக்குத்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல. அடுத்தது, இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை தடைக்குள் வருகின்றன. செய்திப் பரிமாற்றத்துக்கான வட்ஸ்அப் வரவில்லை. தெரிந்தவர்களோடு பேசுவதும், தெரியாத ஆயிரம் பேருக்கு முன் தன்னைக் காட்டுவதும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இரண்டையும் "போன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால் தோழியோடு பேசுபவளுக்கும், இரவு முழுவதும் டிக்டொக்கில் கிடப்பவளுக்கும் ஒரே ஏச்சு விழுகிறது. பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவற்றின் சொந்த விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர் கணக்கு வைத்திருக்க முடியாது. அந்த விதியைத் தங்கை தம்பிமாரின் விடயத்தில் நாம் மதிப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பவை சில. முதலாவது, ஒரு வாக்குறுதி. "உனக்கு எது வந்தாலும் என்னிடம் கொண்டு வா. அதற்காக உன் போனைப் பறிக்கமாட்டேன்" என்று பிரச்சினை வருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். வந்த பிறகு சொன்னால் பிள்ளை நம்பமாட்டாள். இரண்டாவது, நேர ஒழுங்கை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளும் சாலையில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். வாப்பாவுடையதும் நானாவுடையதும் அதில் அடக்கம். சாப்பாட்டு நேரத்துக்கும் இதே சட்டம். மகளுக்கு மட்டும் சட்டம் என்றால் அது சட்டமல்ல. மூன்றாவது, ஒளித்துப் படிக்காதீர்கள். சின்னப் பிள்ளையென்றால் பக்கத்தில் இருந்து சேர்ந்தே பாருங்கள். வயது கூடக்கூட விட்டுக்கொடுங்கள். என்னுடைய செய்திகளில் என் இரகசியம் மட்டும் இல்லை. தன் வீட்டுக் கஷ்டத்தை என்னை நம்பிச் சொன்ன தோழியின் அமானிதமும் இருக்கிறது. அதை என் உம்மா படித்தாலும் அது அவளுக்குச் செய்யும் துரோகம்தான். நான்காவது, எங்கள் தோழிகளின் பெயர்களைக் கேளுங்கள். "யாரோடு பேச்சு?" என்று அதட்டிக் கேட்காமல், "கட்டாரில் இருக்கும் உன் கூட்டாளி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டுப் பாருங்கள். வேவு பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்வீர்கள்.

சகோதர மாணவிகளே, நம்பிக்கை ஒருபக்கமாக வளராது. பெற்றோர் நம்ப வேண்டுமென்றால் நாமும் நம்பத்தக்கவர்களாக நடக்க வேண்டும். அதற்கு மிகச் சாதாரணமான சில காரியங்கள் போதும்.

வட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் போய், உங்கள் முகப்புப் படத்தை யார் பார்க்கலாம், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற இரண்டையும் "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை. இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவையுங்கள். உங்களுக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், தோழியின் கணக்கிலிருந்தே கேட்டாலும், கொடுக்காதீர்கள். அந்த ஆறு இலக்கத்தைக் கொடுத்தால் உங்கள் கணக்கையே கொடுத்த மாதிரி. பிறகு உங்கள் பெயரில் உங்கள் உறவினரிடம் காசு கேட்பது வேறொருவராக இருக்கும்.

தோழியின் படம் அமானிதம். மருதாணிக் கையென்றாலும், கூட்டமாக எடுத்த படமென்றாலும், கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவளுடைய வீட்டின் ஒழுங்கு உங்கள் வீட்டின் ஒழுங்கு மாதிரி இருக்காது. நீங்கள் விளையாட்டாகப் போட்ட படத்துக்கு அவள் ஏச்சு வாங்குவாள்.

வந்ததையெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். இதை நம் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்பும் வதந்தியும் பரவாமல் தடுக்கவென்று அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சில நாட்கள் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஒரு பொய்ச் செய்தி என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர்கள் நாம். இன்னொருவரைப் பற்றிய பொய்ச் செய்தி நம் விரலால் பரவக் கூடாது. ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று அர்த்தம். எழுதியவர் யாரென்று தெரியாத செய்தி அது. உங்களோடு அது நிற்கட்டும்.

யாரையும் விட்டுவிட்டு இரகசியக் குழு தொடங்காதீர்கள். உங்களைச் சேர்த்தால் வெளியே வாருங்கள். அதற்கு உரையாற்றத் தேவையில்லை. கைத்தொலைபேசி இல்லாத தோழிக்கு அன்றைய விடயத்தை வகுப்பில் வந்து வாயால் சொல்லுங்கள்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் மிரட்டல் வந்தால் நான்கு காரியம். காசும் கொடுக்காதீர்கள், படமும் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் கேட்பது நிற்காது. பயத்தில் அழித்துவிடாதீர்கள்; இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், அதுதான் சாட்சி. பிறகு அந்த இலக்கத்தை முடக்குங்கள். உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். உம்மாவிடம் முடியாவிட்டால் ராத்தா, சாச்சி, வகுப்பாசிரியை என்று யாராவது ஒருவர். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இப்படியான முறைப்பாடுகளையும் ஏற்கிறது. 18 வயதுக்குட்பட்டோரின் ஆபாசப் படங்கள் பரவுவதைத் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவையும் 2023இலிருந்து இருக்கிறது. அதற்குப் படத்தை யாரிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை. படத்துக்குரிய இலக்க அடையாளம் ஒன்று உங்கள் கருவியிலேயே உருவாக்கப்பட்டு, அது மட்டும் அனுப்பப்படும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், ஸ்னப்செட் போன்ற தளங்கள் அதைக் கொண்டு அந்தப் படத்தைத் தேடி நீக்குகின்றன. இவற்றைத் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளையை மிரட்டுவது எளிதல்ல.

இன்னும் சில மாதங்களில் எங்கள் வகுப்பும் பரீட்சை எழுதிவிட்டுப் பிரியப்போகிறது. சிலர் பல்கலைக்கழகம் போவார்கள், சிலர் கல்வியியற் கல்லூரிக்குப் போவார்கள், சிலர் வீட்டோடு இருப்பார்கள். அப்போது எங்களை ஒன்றாக வைத்திருக்கப்போவது கைக்கு அடக்கமான இந்தக் கருவிதான். அதை மறைத்துப் பாவிக்கும் பொருளாக வைத்திருப்பதா, வெளிச்சத்தில் பாவிக்கும் பொருளாக மாற்றுவதா என்பது ஒவ்வொரு வீட்டிலும் தீர்மானமாக வேண்டும்.

அதற்கு ஒரு சிறிய தொடக்கம் சொல்கிறேன். இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வந்த அன்று, இஷாவுக்குப் பிறகு, உம்மாவும் மகளும் பக்கத்தில் அமர்ந்து ஒருவரையொருவர் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீ அதிகமாகப் பேசுவது யாரோடு? உனக்குப் பயம் தந்த செய்தி ஏதாவது வந்ததுண்டா? வந்தால் என்னிடம் சொல்வாயா? மூன்றாவது கேள்விக்கு "ஓம்" என்று இரண்டு பக்கமும் பதில் வந்துவிட்டால், அந்த வீட்டில் அலுமாரிச் சாவிக்கு வேலையில்லை.